தை மாதத்துக் கேள்வி

தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். மலேசியாவின் சிகாமட்டில், தனலெட்சுமியின் வீட்டில் தை பிறந்தால் ஒரு கேள்வி பிறக்கும். ‘புதுவழி’ நலச் சங்கத்திலிருந்து யாராவது ஒருவர் வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கொடுத்த மைலோவைக் குடித்துவிட்டு, தாளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு கேட்பார்.

“வீட்டுக்காரர் இப்ப குடிக்கிறாராம்மா?”

“இல்லீங்க,” என்பாள் தனலெட்சுமி.

அதில் ஒரு துளிகூடப் பொய் கிடையாது. அவள் கணவர் வேலு அந்த மாதத்தில் கழுத்தில் மாலையும் இடுப்பில் மஞ்சள் வேட்டியுமாக இருப்பார். பாயில் படுப்பார். ஒரு வேளைதான் சாப்பிடுவார். இருமல் மருந்தில் ஸ்பிரிட் கலந்திருக்கும் என்று அதைக்கூடத் தொட மாட்டார். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர் வேறு எப்படி இருப்பார்? வந்தவர் தாளில் ஒரு கோடு போட்டுவிட்டு, “ரொம்ப சந்தோசம்மா,” என்று கிளம்பிவிடுவார்.

சங்கம் நல்ல சங்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கனகராஜ் மனம் நோவார். கனகராஜ்தான் தலைவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூடப் பிறந்த தம்பியைச் சம்சுவுக்குப் பறிகொடுத்தவர். ரப்பர் தோட்டங்களை விட்டுப் பட்டணத்துக்கு வந்த ஆண்கள் ஒவ்வொருவராக அந்த மலிவுச் சாராயத்தில் விழுவதைப் பார்த்து, வயிறெரிந்து சங்கத்தை ஆரம்பித்தார். தீபாவளி முடிந்ததும் சனிக்கிழமைதோறும் கோயில் மண்டபத்தில் வகுப்பு. டாக்டர் ஒருவர் வந்து வீங்கிப்போன கல்லீரலின் படத்தைத் திரையில் காட்டுவார். படத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் பயம் தெளிய எங்கே போனார்கள் என்று கேட்கக் கூடாது. மூச்சுப் பயிற்சி உண்டு, கூட்டுப் பிரார்த்தனை உண்டு, மத்தியானச் சாப்பாடு உண்டு. கடைசி வாரங்களில் எல்லாரும் தைப்பூச விரதத்துக்கு மாலை போட்டுக்கொள்வார்கள். காவடி இறக்குகிற அன்றைக்குப் பயிற்சியும் நிறைவு.

ஜோகூர் பாருவில் இருக்கும் ஓர் அறவாரியம் இதற்கு மானியம் கொடுத்தது. கொடுத்த காசுக்குப் பயன் உண்டா என்று வருடம் ஒருமுறை அறிக்கையும் கேட்டது. நியாயமான கேள்வி. ஆனால் அதை எப்போது கேட்பது? கனகராஜுக்குத் தை மாதம்தான் வசதியாகப் பட்டது. ஆளைத் தேடி அலைய வேண்டாம், அத்தனை பேரும் கோயிலிலேயே கிடப்பார்கள். புதிதாகப் பயிற்சி முடிக்கப்போகிறவர்களும் விரதம், போன வருடம் முடித்தவர்களும் விரதம். யாரைக் கேட்டாலும் குடிக்கவில்லை. குளித்துக்கொண்டிருப்பவனிடம் போய், நீ சுத்தமாக இருக்கிறாயா என்று கேட்டால் அவன் வேறென்ன சொல்வான்? முருகனுக்குப் போக வேண்டிய பெயரைச் சங்கம் வாங்கிக்கொண்டது. இதில் யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, அதுதான் வேடிக்கை.

வேலு முதல் வருடத்துப் பயிற்சியில் தேறியவர். சங்கத்தின் பேனரில் அவர் படம்தான் பெரிது. விபூதி பூசிய நெற்றி, கூப்பிய கை, கீழே ‘மீண்டு வந்தேன்’ என்று எழுத்து. மேடையில் ஏறினால் நன்றாகப் பேசுவார். கேட்கிற பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

தைப்பூசத்துக்கு மூன்றாம் நாள் இடும்பன் பூசை. அதோடு விரதம் முடியும். அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்று கேட்க மாசியில் யாரும் வந்ததில்லை, பங்குனியில் யாரும் வந்ததில்லை. அடுத்த தை வரைக்கும் அந்த வீட்டில் நடப்பது அந்த வீட்டுச் சுவர்களுக்கும் தனலெட்சுமிக்கும்தான் தெரியும். பக்கத்து வீடுகளுக்கும் தெரியும்தான். ஆனால் பேனரில் படம் வந்த மனிதரைப் பற்றி யார் வாயைத் திறப்பார்கள்?

முதல் வருடம், அவர் மறுபடி குடித்த அன்று, தனலெட்சுமி உட்கார்ந்து அழுதாள். இரண்டாம் வருடம் கோபப்பட்டாள். அப்புறம் இரண்டும் நின்றுபோயின. அவள் வேலை செய்வது கோழி வெட்டும் பேக்டரியில், குளிர் அறையில். கையுறை போட்டிருந்தாலும் மத்தியானத்துக்குள் விரல்கள் மரத்துவிடும். கத்தி பட்டால்கூட ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். மனசும் ஏறக்குறைய அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது. அதற்காக அவள் வருத்தப்படவும் இல்லை. வலிக்காமல் இருப்பது ஒரு சௌகரியம்.

அந்த வருடம் தை பிறந்த வாரத்தில் மகள் லோஷினி ஜோகூர் பாருவிலிருந்து போன் பண்ணினாள். லோஷினி எலெக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் வேலை செய்கிறாள். பள்ளி முடித்த கையோடு அங்கே போனவள். தீபாவளிக்கு வேலை செய்தால் இரட்டைச் சம்பளம் என்று வர மாட்டாள். அப்பா காவடி எடுக்கும் தைப்பூசத்துக்கு மட்டும் தவறாமல் வந்து, மறுநாளே திரும்பிவிடுவாள். மூன்று வருடத்துக்கு முன் கோத்தா திங்கிக்காரன் தீபனைக் கல்யாணம் செய்துகொண்டாள். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். குடிக்காதபோது தங்கமான பையன். குடித்திருந்த ஒரு நாள் அவள் கையை முறித்துவிட்டான். அதிலிருந்து அவள் மறுபடி ஜோகூர் பாருவில், தோழிகளோடு ஒரு வாடகை அறையில் இருந்தாள்.

“ம்மா, கேட்டீங்களா? கோத்தா திங்கியிலயும் ‘புதுவழி’ தொறக்கப் போறாங்களாம். தீபனோட அக்கா அவன் பேர குடுத்துட்டாங்க. அவனும் சரின்னுட்டான்.”

“ம்.”

“தைப்பூசம் முடிஞ்சதும் நான் அங்கயே போயிடலாம்னு இருக்கேன்.”

“எங்க?”

“அவன் வீட்டுக்குத்தான்லா. வேற எங்க போவேன்?”

“கை எப்படி இருக்கு?”

“மழை பேஞ்சா வலிக்குது. அத விடுங்க. அவன் மாறிடுவான்மா. அப்பாவே மாறலையா? அப்பாவ விடவா அவன் மோசம்?”

தனலெட்சுமி அடுப்பில் இருந்த சாம்பாரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த இடத்தில் ஒரு தாய் வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் லோஷினி, “அப்பா எப்படிம்மா?” என்று கேட்பாள். “இருக்காரு,” என்பாள் இவள். அதுவும் பொய் இல்லை. வருடக்கணக்காக இப்படிப் பொய் சொல்லாமலேயே ஒரு பெரிய பொய்யைக் கட்டி எழுப்பியாகிவிட்டது. இப்போது எந்தச் செங்கல்லை முதலில் உருவுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“ம்மா? இருக்கீங்களா?”

“இருக்கேன். வரப்ப சட்டை நாலு சேத்து எடுத்துக்கிட்டு வா,” என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஒரு காலை வேளையில், கனகராஜ் ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார்.

“தனம்மா, இவங்க அபர்ணா. அறவாரியத்துல இருந்து வந்திருக்காங்க. இந்தத் தடவ நாங்க கேக்கல, அவங்களே நேரா வந்து கேக்கறாங்க. கோத்தா திங்கிக்கு மானியம் குடுக்கறதுக்கு முன்னால எல்லாம் சரி பாக்கணுமாம். நம்மகிட்ட என்னா இருக்கு மறைக்க?”

அபர்ணாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். செட்டியார் வீட்டுப் பெண் என்பது பேச்சின் நிதானத்திலேயே தெரிந்தது. மைலோவை வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் குடித்தாள். பிறகு கனகராஜைப் பார்த்து, “சார், நீங்க கொஞ்சம் வெளிய இருக்க முடியுமா? ஆன்ட்டிகிட்ட தனியா பேசணும்,” என்றாள். கனகராஜுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் மரியாதை தெரிந்த மனிதர், வாசலுக்குப் போய்த் துளசிச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அங்கிள் இப்ப குடிக்கிறாரா, ஆன்ட்டி?”

“இல்லம்மா.”

அபர்ணா கோடு போடவில்லை. பேனாவை மூடித் திறந்தாள்.

“எங்க வீட்டுல பெரியப்பா ஒருத்தர் இருக்காரு. தைப்பூசத்துக்கு மாலை போட்டா சிகரெட்டத் தொட மாட்டாரு. அந்த நாள்ல அவர யாரு பாத்தாலும் சிகரெட்டே தெரியாத மனுசன்னுதான் நெனைப்பாங்க. மாலைய கழட்டுன மறுநாளு, குளியலறையில இருந்து புகை வரும்.” அவள் சிரிக்கவில்லை. “இங்க பழைய அறிக்கை எல்லாத்தையும் பாத்தேன். ஒவ்வொரு வருசமும் தை மாசத்துலதான் கேட்டிருக்காங்க. வேற மாசத்துல ஒரு தடவகூட கேக்கல. அதான் உங்ககிட்ட கேக்கறேன். மத்த மாசத்துல அங்கிள் எப்படி?”

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. தனலெட்சுமி காலி மைலோ கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தனக்குள் எழுந்தது பயமா, நிம்மதியா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. சொன்னால் வேலுவின் முகம் பேனரிலிருந்து இறங்கும். இறங்கினால் அந்த முகத்தோடு ஒரே வீட்டில் அவள்தான் இருந்தாக வேண்டும்.

“நீங்க நெனைக்கிறதுதாம்மா,” என்றாள் மெதுவாக.

“நான் நெனைக்கிறத எழுத முடியாது, ஆன்ட்டி. நீங்க சொல்றதத்தான் எழுத முடியும்.”

அப்போது பின்கட்டிலிருந்து வேலு வந்தார். குளித்த ஈரத்தோடு, நெற்றி நிறைய விபூதியோடு, பார்க்கிறவர்கள் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்படி வந்தார். “சொல்லு தனம், ஒளிவு மறைவு என்னா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் மிரட்டல் எதுவும் இல்லை. விரதத்தில் இருக்கும்போது தான் மற்ற மாதங்களில் யார் என்பதையே அவர் மறந்துபோவார். அதுதான் அவளைக் கட்டிப்போட்டது.

“இல்லம்மா. அவரு குடிக்கல,” என்றாள் தனலெட்சுமி.

அபர்ணா தாளில் எதுவும் எழுதாமல் அதை மடித்தாள். வாசலில் கனகராஜிடம் அவள் சொன்னது உள்ளே கேட்டது. “பங்குனியில போன் பண்ணி எல்லார் வீட்டுலயும் மறுபடி கேக்கப் போறேன் சார்.”

“பங்குனியா? அலமாக்! அறிக்கை இந்த மாசம் போகணுமேம்மா. கோத்தா திங்கியில மண்டபம்கூட பேசியாச்சு.”

“பாதி அறிக்கைன்னு எழுதி அனுப்பறேன். மீதி பங்குனியில.”

கனகராஜ் அவளைத் திரும்பிப் பார்க்காமல் போய், தெருவில் நிறுத்தியிருந்த தன் காடியின் கதவைத் திறந்தார். நல்ல மனிதர்களுக்கு இப்படி ஒரு சங்கடம் உண்டு. தாங்கள் செய்வது நல்லது என்று தெரியும். அது நடக்கிறதா என்று யாராவது பார்க்க வந்தால், தங்களையே சந்தேகப்படுவதாகத் தோன்றிவிடும்.

பங்குனி வர இன்னும் எவ்வளவோ இருந்தது. லோஷினி தைப்பூசத்துக்கு மறுநாள் கோத்தா திங்கிக்குப் போகிறாள். தனலெட்சுமி பாத்திரம் கழுவினாள், சாமான் அடுக்கினாள், குளிர் அறையில் கோழி அறுத்தாள். பங்குனியையும் மகள் போவதையும் சேர்த்து யோசிக்க முயன்றபோதெல்லாம் மூளை வேலை செய்யாமல் நின்றது.

தைப்பூசத்தன்று மழை இல்லை. லோஷினி முந்தின நாளே வந்திருந்தாள். அப்பாவின் காவடிக்குப் பின்னால் பால்குடம் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தாள். முறிந்து கூடிய கை குடத்தின் கனத்தில் நடுங்கியது. கோயிலில் கனகராஜ் ஒலிபெருக்கியைப் பிடித்து, கோத்தா திங்கியில் புதுக் கிளை வரப்போகிறது என்று அறிவித்தார். “நம்ம வேலு மாதிரி இன்னும் நூறு வேலு அங்கயும் வரணும்!” கூட்டம் கை தட்டியது. லோஷினியும் தட்டினாள். அவள் கண்ணில் நீர் நின்றது. அது பெருமை என்பது தனலெட்சுமிக்குத் தெரிந்தது. அதைப் பார்த்தபோது, நெடுநாளைக்குப் பிறகு, அவளுக்கு லேசாக வலித்தது.

வீட்டுக்கு வந்து, பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்த மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“நாளைக்கு போகாத. இடும்பன் பூசை முடியட்டும், அப்பறம் போ.”

“அது ரெண்டு நாள் ஆகும்மா. எனக்கு லீவு இல்ல.”

“உடம்பு சரியில்லன்னு எம்.சி. போட்டுக்க.”

லோஷினி நிமிர்ந்து பார்த்தாள். கோழி பேக்டரியில் காய்ச்சலோடு நின்று வேலை செய்கிறவள் தன் அம்மா. அவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

“ஏம்மா? என்னா விசயம்?”

“விசயம் ஒண்ணும் இல்ல. இரு. நான் எப்பயாச்சும் உன்ன இருன்னு சொல்லியிருக்கேனா?”

சொன்னதில்லை. அதனால்தான் அவள் இருந்தாள்.

இடும்பன் பூசைக்கு வீடு மறுபடி கவுச்சி ஏறியது. ஆட்டுக்கறி, முட்டை, கருவாட்டுக் குழம்பு. வாழையிலையில் படையல் வைத்து, பக்கத்தில் சுருட்டும், ஒரு கிளாஸில் பிராந்தியும் வைப்பது வேலுவின் வீட்டு வழக்கம். அவருடைய அப்பா தோட்டத்தில் இருந்தபோதும் அப்படித்தான் வைப்பாராம். மத்தியானம் பூசை முடிந்தது. வேலு மாலையைக் கழற்றிச் சாமி படத்துக்குப் போட்டார். எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

வேலு தண்ணீர்தான் குடித்தார். பிராந்திக் கிளாஸ் படையலில் அப்படியே இருந்தது. பாட்டில் அலமாரியில் இருந்தது. மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கறியை எடுத்து அவள் இலையில் வைத்தார். அவள் சின்ன வயதில் ஆற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு போன கதையைச் சொன்னார். லோஷினி சிரித்தாள். “தீபன பத்தி கவலப்படாத பிள்ள. அங்க வகுப்பு தொடங்குனா நானே போயி பேசறேன்,” என்றார். உண்மையாகவே சொன்னார்.

மூன்று மணி ஆயிற்று, நான்கு ஆயிற்று. அவர் அலமாரிப் பக்கமே போகவில்லை. மகள் இருக்கிறாள் என்று இன்றைக்கு விட்டுவிடுவாரோ? இந்த ஒரு நாள் மட்டும் நல்லவராக இருந்து தொலைத்தால், லோஷினி நாளைக் காலை நிம்மதியாகப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். தனலெட்சுமி சாமி மேடைக்கு முன்னால் போய் நின்றாள். கை கூப்பினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் சாமியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இன்று அதைத் தலைகீழாகக் கேட்டாள். இடும்பா, இன்னைக்கு அவரு குடிக்கணும். என் பிள்ள பாக்கறப்ப குடிக்கணும்.

கேட்டு முடித்ததும் அவளுக்குத் தன்னைப் பார்த்தே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வேண்டுதலைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

இடும்பனுக்குக் காது கேட்டதோ, அல்லது யாரும் வேண்டாமலேயே நடக்கிறதுதான் நடந்ததோ, வேலு எழுந்து வந்து படையல் கிளாஸை எடுத்தார். “பிரசாதம், வீணாக்கக் கூடாது,” என்றார். ஒரே மூச்சில் குடித்தார். லோஷினி டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரசாதம்தானே. பிறகு அவர் அலமாரியைத் திறந்தார்.

பொழுது சாய்வதற்குள் பாட்டில் முக்கால்வாசி இறங்கிவிட்டது. முதலில் பாட்டு. பிறகு அழுகை. “என்னைய கொண்டுபோயி பேனர்ல மாட்டி வெச்சிருக்கானுங்க! நான் என்னா கட்சித் தலைவனா? ஒரு மனுசன் நிம்மதியா விழக்கூட விடமாட்டேங்கறானுங்க!” என்று கத்தினார். அந்தப் பேச்சில் நியாயம்கூட இருந்தது. அதற்குப் பிறகு நியாயம் தீர்ந்துபோய், தட்டு பறந்தது.

லோஷினி சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் பார்த்தது அப்பாவை அல்ல, அம்மாவை. அம்மா பதறவில்லை. எழுந்து போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். சமையலறையில் இருந்த கத்தியை எடுத்து அரிசி டின்னுக்குள் செருகி மூடினாள். கண்ணாடிச் சாமான்களை ஒரு கூடையில் அள்ளிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். பிறகு திரும்பி வந்து, முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி நின்றுகொண்டாள். அடி காதில் படாமல் தோளில் விழுந்தது. இதையெல்லாம் ஒரே நாளில் யாரும் கற்றுக்கொள்ள முடியாது.

“அப்பா! விடுங்க!” என்று லோஷினி நடுவில் பாய்ந்தாள். வேலு அவளைப் பார்த்தார். யார் என்று அடையாளம் தெரிவதற்குச் சற்று நேரம் ஆயிற்று. தெரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே சாய்ந்து தூங்கிப்போனார்.

தனலெட்சுமி உடைந்த தட்டைப் பெருக்கினாள். துண்டுகளை நாளிதழில் சுற்றினாள். பின்பக்கம் குழாயடியில் கை கழுவ வந்தபோது லோஷினியும் பின்னாலேயே வந்து நின்றாள்.

“எவ்ளோ நாளா?”

“எல்லா வருசமும். இடும்பன் பூசை முடிஞ்சா தொடங்கும். அடுத்த மாலை போடற வரைக்கும்.”

“மொத வருசமே?”

“மொத வருசமே.”

“நான் போன்ல கேக்கறப்பலாம் இருக்காருன்னு சொன்னீங்களே!”

“இருந்தாருல்ல,” என்றாள் தனலெட்சுமி.

லோஷினி குழாயை மூடினாள். அம்மா திறந்து வைத்திருந்ததே தெரியாமல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

“ம்மா, தீபன் குடிக்கிறவன்னு எனக்கு கல்யாணத்துக்கு முன்னாலயே தெரியும். தெரிஞ்சுதான் கட்டிக்கிட்டேன். ஏன் தெரியுமா? குடிக்கிறவன் மாறுவான்னு நெனைச்சேன். நானே கண்ணால பாத்தேன்ல. எங்க அப்பா மாறுனாரு. நம்ம வீட்டுலயே நடந்துச்சு. அத வெச்சுத்தானம்மா நான் அவனுக்கு கழுத்த நீட்டுனேன்.”

தனலெட்சுமி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஈரம் போன பிறகும் துடைத்தாள். ஓர் அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மகளின் காலில் விழுந்திருக்கலாம். வரவில்லை. உள்ளே எங்கோ மிகத் தூரத்தில் ஒருத்தி அலறுகிற மாதிரி இருந்தது. அது தான்தான் என்று தெரிந்தும் அவளிடம் போக வழி தெரியவில்லை.

மறுநாள் காலை லோஷினி பஸ் ஏறினாள். ஜோகூர் பாருவுக்குத்தான், கோத்தா திங்கிக்கு இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு அம்மா பக்கம் திரும்பவில்லை. ஞாயிறுகளில் போன் வருவதும் நின்றது. தனலெட்சுமி அவளைக் குறை சொல்லவில்லை. போக வேண்டாத இடத்துக்கு அவள் போகவில்லை, அது போதும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். போதவில்லை.

வேலுவுக்கு அந்த மாலை நடந்தது நினைவிலேயே இல்லை. பிள்ளை ஏன் சொல்லாமல் போய்விட்டாள் என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார்.

பங்குனியில், மத்தியான இடைவேளையில், பேக்டரியின் பின்வாசலில் விரல்களைக் கக்கத்தில் செருகிச் சூடு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கைப்பேசி அடித்தது.

“ஆன்ட்டி, அபர்ணா பேசறேன். தை மாசம் வந்தேனே, ஞாபகம் இருக்கா? அதே கேள்விதான். அங்கிள் இப்ப—”

“குடிக்கிறாரு. நேத்தும் குடிச்சாரு. இன்னைக்கும் குடிப்பாரு.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. எழுதுகிறாள் போலிருக்கிறது.

“சொன்னதுக்கு நன்றி, ஆன்ட்டி. நீங்க மட்டும் இல்ல. இந்த வாரம் பேசுன வீட்டுல பாதிக்கு மேல இதேதான் சொல்றாங்க. கோத்தா திங்கிய இப்போதைக்கு நிறுத்தி வெச்சிருக்கோம். கனகராஜ் சார் பாவம், ரெண்டு நாளா என்கூட பேசல. நேத்து அவரே கூப்பிட்டு, வேற எந்த மாசம் எல்லாம் கேக்கணும்னு கேட்டாரு. வகுப்ப தை முடிஞ்சு தொடங்குனா என்னான்னும் கேட்டாரு.”

“நல்லது.”

“இன்னும் ஒரே ஒரு கேள்வி. அப்பறம் உங்கள விட்டுடறேன். இந்தத் திட்டத்தால உங்க குடும்பத்துல ஏதாவது மாற்றம் வந்துச்சா?”

உள்ளே இடைவேளை முடிந்த மணி அடித்தது. மற்ற பெண்கள் கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்தார்கள். தனலெட்சுமி எழுந்திருக்கவில்லை.

“வந்துச்சும்மா,” என்றாள். “எழுதிக்குங்க. எம் பொண்ணுக்கு கல்யாணம் ஆச்சு.”